லண்டன் போலவே, இவை நீங்கலாக

போன மாதம் ஒரு பணி ஓய்வு விருந்து. எண்பதுகளில் இங்கே பிரிட்டனில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருவருக்கு. மேசையில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். "அந்தக் காலத்தில் நாடே ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்த்தது, இப்போது ஆளுக்கொரு ஃபோன்" என்று ஒருவர் பெருமூச்சு விட, எல்லோரும் தலையாட்டினார்கள். பத்து நிமிடம் கூட ஆகவில்லை, அதே மேசையில் சண்டை. 'எமர்டேல் ஃபார்ம்' என்ற டிவி தொடர் எத்தனை மணிக்கு வந்தது என்று. ஐந்தேகால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்ப்பேன் என்கிறார் ஒருவர். ஏழு மணிதான் என்கிறார் அடுத்தவர். சாயங்காலமே இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவோடு பார்த்தது என்று மூன்றாமவர் சத்தியம் செய்கிறார்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் முதலில் எல்லோரும் தலையாட்டியது இருக்கிறதே, அதுதான் சரியில்லை. அந்த நாடு ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது பாதி நேரம்தான். மீதிப் பாதியில் ஊருக்கு ஊர் வேறு. இதை இங்கேயே பிறந்து ஒரே ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. அவர்கள் ஊர் மாறவில்லை, நான் மாறினேன்.

1984ல், வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு எழுதிவிட்டு இங்கே வந்த தமிழ் டாக்டர்களுக்கு வேலை என்பது ஆறு மாத வேலை. ஆறு மாதம் ஒரு ஆஸ்பத்திரி, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெட்டி கட்டல், அடுத்த ஊர். பெட்டிக்குள் இரண்டு போர்வை, ஒரு குக்கர், ஊறுகாய் பாட்டில். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் போய் இறங்கியதும் முதல் வேலை டிவியைப் போடுவது. பி.பி.சி எங்கேயும் ஏறக்குறைய பி.பி.சிதான். மூன்றாவது பொத்தானை, அதாவது விளம்பர டிவியான ஐடிவியை, அமுக்கினால்தான் எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று தெரியும். ஒரு ஊரில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் என்ற உள்ளூர்க் கம்பெனியின் மஞ்சள் அம்புக்குறி. இன்னொரு ஊரில் ஆங்கிலியாவின் வெள்ளிக் குதிரைவீரன் மெதுவாகச் சுற்றுவான். லண்டன் நண்பர் வீட்டில் தேம்ஸ் நதியும் டவர் பிரிட்ஜும். இங்கிலாந்தின் பூகோளத்தை நான் வரைபடத்தில் படித்ததை விட அந்த மூன்றாவது பொத்தானில் படித்ததுதான் அதிகம்.

இளையவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஐடிவி என்பது ஒரு கம்பெனி இல்லை. 1954 சட்டத்தின்படி விளம்பர டிவியை அனுமதித்தபோதே, ஒருவர் கையில் எல்லாம் போய்விடக் கூடாது என்று நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கொரு கம்பெனிக்குக் குத்தகை விட்டார்கள். ஒளிபரப்புக் கோபுரங்கள் அரசு நியமித்த ஆணையத்தின் சொத்து. நிகழ்ச்சியும் விளம்பரக் காசும் கம்பெனியுடையது. 1955 செப்டம்பரில் லண்டனில் ஆரம்பித்தது, 1962ல் சானல் தீவுகள் வரை போய்விட்டது. லண்டனிலோ கூத்து இன்னும் பெரிது: வார நாளுக்கு ஒரு கம்பெனி, வார இறுதிக்கு இன்னொன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவி கை மாறும்.

'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' போன்ற சில பெரிய தொடர்கள் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வரும். மற்றதெல்லாம் அந்தந்த ஊர்ப் பெரியவர் மனசு. மத்தியானம் என்ன, பின்னிரவு என்ன, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு என்ன என்பதை பிளிமத்திலோ நாரிச்சிலோ கார்லைலிலோ உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்வார். இதில் ஊர்ப்பாசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மலிவாக வாங்கிய தொடரை எங்கே சொருகினால் விளம்பரம் விற்கும் என்ற கணக்குதான்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஆஸ்திரேலியச் சிறைத் தொடரால். 'பிரிசனர்: செல் பிளாக் ஹெச்'. பெண்கள் சிறை, அட்டைச் சுவர், கதவைச் சாத்தினால் செட்டே ஆடும் என்பார்கள். 1984 அக்டோபரில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் அதை ஆரம்பித்தது. டாக்டர்கள் மெஸ்ஸில் இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு அதுதான் துணை. பீப்பர் அடித்தால் ஓடுவோம், வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு மீதியைப் பார்ப்போம். நான் அங்கே இருக்கும்போதே ஃபிராங்கி டாயில் என்ற முரட்டுக் கைதி தப்பியோடி, சுடப்பட்டுச் செத்துப் போனாள். மெஸ்ஸில் இரண்டு நாள் துக்கம்.

அப்புறம் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்கு வேலை மாறினேன். முதல் வாரம் இரவுப் பணி. வார்டு சிஸ்டர் தேநீரோடு உட்கார்ந்து அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் ஃபிராங்கி, உயிரோடு, யாரையோ அறைந்துகொண்டிருக்கிறாள். பழைய பகுதியை மறுபடி போடுகிறார்கள் என்று நினைத்து, "இவளைத்தான் போலீஸ் சுட்டுவிட்டதே, பாவம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஊரில் தொடரே கொஞ்ச நாள் முன்னால்தான் ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆறு மாதத்தில் எத்தனையோ தப்புச் செய்திருப்பேன். அவர் மன்னிக்காதது அது ஒன்றைத்தான். அதன்பின் எந்த வார்டிலும் டிவியைப் பற்றி நானாக வாய் திறந்ததில்லை.

இது ஏதோ நடு இரவுத் தொடருக்கு நடந்தது என்று நினைக்காதீர்கள். 'கிராஸ்ரோட்ஸ்' என்ற மோட்டல் தொடரைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 1968ல் லண்டனில் புதிதாக வந்த தேம்ஸ் அதை நிறுத்திவிட்டது. கூச்சல் எழுந்து (பிரதமர் வில்சனின் மனைவியே முறையிட்டார் என்பார்கள்) சில மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் விட்ட இடத்திலிருந்து. அதனால் தலைநகரம் நாட்டின் மற்ற பகுதிகளை விட ஏறக்குறைய ஆறு மாதம் பின்தங்கி ஓடியது. 1975ல்தான் ஒரே தாவலில் கதையைச் சுருக்கிச் சொல்லிச் சேர்ந்துகொண்டார்கள். பர்மிங்காமிலிருந்து லண்டன் போகும் ரயிலில் ஒரு அத்தை வாய் திறந்தால் போதும், பெட்டியே பாழ்.

செய்தித்தாளில் இதற்கென்று ஒரு மொழி இருந்தது. நிகழ்ச்சிப் பக்கத்தில் லண்டன் பட்டியல் பெரிதாக இருக்கும். கீழே எறும்பு எழுத்தில், 'ஆங்கிலியா: லண்டன் போலவே, இவை நீங்கலாக', 'பார்டர்: லண்டன் போலவே, இவை நீங்கலாக'. எங்கள் வாழ்க்கை முழுக்க அந்த 'நீங்கலாக'வுக்குள்தான். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. லண்டன்காரர்களுக்கு மட்டும் அந்த எறும்பு எழுத்து கண்ணிலேயே படாது. "நாடே ஒன்றாகப் பார்த்தது" என்ற நினைப்பு அங்கிருந்துதான் கிளம்பியது என்பது என் சந்தேகம்.

பிளிமத்தில் இருந்த வருடம் என் மகளுக்கு நான்கு வயது. அங்கே டி.எஸ்.டபிள்யூ என்ற கம்பெனி. அவர்களிடம் கஸ் ஹனிபன் என்று ஒரு பொம்மை முயல், 1961லிருந்து, முந்தைய கம்பெனி காலத்திலிருந்தே இருப்பது. பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்பினால் அறிவிப்பாளர் பெயரைப் படிப்பார், முயல் எத்தனை வயதோ அத்தனை முறை குதிக்கும். என் மனைவி அட்டை அனுப்பினாள். அறிவிப்பாளர் ஒரு மூச்சு நிறுத்தி, நிதானமாக எங்கள் பெண்ணின் பெயரைச் சொன்னார். முயல் நான்கு முறை குதித்தது. வெள்ளைக்காரர் டிவியில் தமிழ்ப் பெயர்! தூத்துக்குடிக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னோம். அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. அவருக்குத் தெரிந்த டிவி, மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கொழும்புப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பிடிப்பது.

அடுத்த பிறந்தநாளுக்கு லிங்கன்ஷயரில் இருந்தோம். அங்கே யாருக்கும் கஸ்ஸைத் தெரியாது. மகள் காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்லிப் புரியவைப்பது? முயலின் கோபுரம் இங்கே வரை எட்டாது என்றேன். வீட்டுக்காரப் பாட்டிதான் சமாதானம் செய்தார். அவருக்கும் ஒரு கதை இருந்தது. 1974ல் பெல்மான்ட் கோபுரத்தை ஆங்கிலியாவிடமிருந்து எடுத்து யார்க்‌ஷயருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் நாற்காலி கூட நகரவில்லை, ஆனால் நாரிச் செய்தி போய் லீட்ஸ் செய்தி வந்துவிட்டது. பதினைந்து வருடம் கழித்தும் "என் குதிரைவீரன்" என்றுதான் சொல்வார்.

வேல்ஸில் இருந்த நண்பர்கள் கதை தனி. 1982 நவம்பரில் மற்ற இடங்களில் சேனல் ஃபோர் வந்தபோது அங்கே வந்தது எஸ்4சி. வெல்ஷ் மொழிச் சேனலுக்காக வெல்ஷ் தேசியக் கட்சித் தலைவர் க்வின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்த பிறகுதான் அரசு இறங்கி வந்தது. நல்ல நேரம் வெல்ஷுக்கு, சேனல் ஃபோர் நிகழ்ச்சிகள் மிச்ச நேரத்துக்கு. இங்கிலாந்துக் கோபுரம் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்த வீடுகள் ஏராளம். அதைப் பார்த்துச் சிரித்த நண்பர்களிடம் நான் எங்கள் மொட்டை மாடிக் கதையைச் சொல்லவில்லை. மொழிக்காகப் பட்டினி கிடப்பேன் என்று ஒருவர் சொல்லி ஒரு சேனலே வந்தது என்றால், தமிழன் நான் அதில் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் எப்படிப் போனது? 1991ல் குத்தகையை மூடிய உறை ஏலத்துக்கு விட்டார்கள். மிட்லண்ட்ஸில் போட்டிக்கு ஆளில்லை, சென்ட்ரல் வருடத்துக்கு 2,000 பவுண்டுக்கு ஒரு பகுதியையே எடுத்தது. எங்கள் முயல் கம்பெனி 1 கோடியே 61 லட்சம் பவுண்டு எழுதியது. அத்தனை காசைக் கட்டித் தாங்காது என்று சொல்லி, 78 லட்சம் எழுதிய வெஸ்ட்கன்ட்ரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரபுக்கள் சபை வரை வழக்குப் போட்டும் நடக்கவில்லை. 1992 கடைசி நாளோடு டி.எஸ்.டபிள்யூவும் போனது, கஸ்ஸும் போனது. அப்புறம் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி, 2002ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லோருக்கும் ஒரே பெயர், 2004ல் கார்ல்டனும் கிரனாடாவும் சேர்ந்து ஐடிவி பி.எல்.சி. இப்போது ஊர் வேறுபாடு என்று மிச்சம் இருப்பது மாலைச் செய்தி, கொஞ்சம் விளம்பரம். ஸ்காட்லாந்தில் மட்டும் எஸ்டிவி தனியாக நிற்கிறது. 2009ல் 'தி பில்' உள்ளிட்ட சில நாடகங்களை வேண்டாம் என்று அது ஒதுக்கியபோது, பழைய புத்தி போகவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பழையபடி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். பாதிக் கதையில் ஊர் மாறிப் போனவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். ஆனால் எங்கோ பிளிமத்தில் இருந்த ஒருவர் நினைத்தால் தெற்குமேற்கு இங்கிலாந்து முழுக்க என் பெண்ணின் பெயர் ஒலிக்கும் என்று இருந்தது. இன்று லண்டனில் இருக்கும் யாருக்கு அட்டை அனுப்புவேன்?

சரி, இதைப் படிப்பவர்களில் எண்பதுகளில் இங்கே இருந்த டாக்டர்கள், நர்ஸ்கள், மாணவர்கள் சிலராவது இருப்பீர்கள். எந்த ஊர், 'எமர்டேல்' எத்தனை மணிக்கு என்று கீழே எழுதுங்கள். அபர்தீன்காரர்கள், கார்லைல்காரர்கள் கட்டாயம். விருந்து மேசைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிராங்கியைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் எழுத வேண்டாம். அந்த சிஸ்டரும் இதைப் படிக்கக்கூடும்.