ஜேசிபி வந்த பிறகு கூடும் சங்கம்

சென்னை நங்கநல்லூரில் ஒரு பழைய தனி வீட்டை இடிக்க ஆரம்பித்தால் தெருவில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மாடி வருது?" அடுத்த கேள்வி, "சங்கத்துல இருக்கறவங்க என்ன பண்றாங்க?" உண்மையைச் சொன்னால், சங்கத்துக்கும் அந்த ஜேசிபி வந்து நின்றபோதுதான் விஷயம் தெரியும்.

எங்கள் பகுதி குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. கூட்டம் யாராவது ஒருவர் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். குப்பை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, மழைநீர் வடிகால் என்று எல்லாவற்றுக்கும் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கிப் பின்தொடர்வது எங்கள் வேலை. அதில் ஓரளவு தேறிவிட்டோம். கட்டடம், மனை, நிலப் பயன்பாடு என்று வந்தால்தான் தடுமாறுகிறோம். சங்கங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று நண்பர்கள் பலர் இங்கே எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. எங்கள் தெருவைப் பற்றி எடுக்கப்போகும் முடிவை, எடுப்பதற்கு முன்பே எங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

சங்கம் என்பது சட்டப்படி என்ன? 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஓர் அமைப்பு. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம். ஒரே தெருவில் இரண்டு சங்கங்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் பிள்ளையார் சதுர்த்தி வசூல் கணக்கில் வந்த மனஸ்தாபமாக இருக்கும். பொதுக்குழு கூட்டலாம், தீர்மானம் போடலாம், மனு எழுதலாம். அந்த மனுவை வாங்குபவர் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் கூடும் பகுதி சபைகளுக்குமான விதிகள் வந்தது 2022-இல். இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து வேலைக்கே போய்விட்டது. அந்த இடைவெளியில் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்போது பகுதி சபை கூடுகிறது, நல்ல விஷயம். உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது என்பது எனக்குக் குறைதான். ஆனாலும் ஒரு மைக், ஒரு அதிகாரி, பதிவாகும் ஒரு மனு என்ற அளவில் அது பழைய நிலையைவிட மேல்.

ஆனால் அங்கே கட்டட அனுமதியைப் பற்றிப் பேச்செடுத்தால் கவுன்சிலர் கையை விரிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அது எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. எங்கள் பகுதி சபைக்கு அங்கிருந்து யாரும் வருவதில்லை. சின்ன கட்டடங்களுக்கு மாநகராட்சி. இன்னும் சின்னதாக இருந்தால், அதாவது 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் உரிமையாளரே ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிடலாம். சுயசான்றை நான் எதிர்க்கவில்லை. ஒரு வீடு கட்டுவதற்கு ஒரு நடுத்தரக் குடும்பம் எத்தனை மேஜைகளுக்கு அலைந்தது என்று பார்த்தவன். ஆனால் இந்த மூன்று வழிகளில் எதிலும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ தெருவுக்கோ வார்டுக்கோ தகவல் போவதில்லை.

தகவல் போகும் இடம் ஒன்று உண்டு. நிலப் பயன்பாட்டை மாற்றும்போது, உதாரணமாக வீடுகளுக்கான பிரிவில் இருக்கும் மனையை வணிகப் பிரிவுக்கு மாற்றக் கேட்கும்போது, செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்த விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பார்த்தாலும் புரியாது. தெருப் பெயரை வைத்துத்தான் நமக்கு இடம் தெரியும். அதில் முதலில் கண்ணில் படுவது சர்வே எண்ணும் வருவாய்க் கிராமத்தின் பெயரும். அந்தக் கிராமத்தின் பெயர் நாம் புழங்கும் ஊர்ப் பெயராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சொந்த வீட்டில் முப்பது வருடம் இருக்கும் ஒருவரிடம் உங்கள் சர்வே எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பீரோவைத் திறக்கப் போவார். சட்டப்படி அறிவித்தாயிற்று, கெடு முடிந்தது, ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று கோப்பில் எழுதியாயிற்று.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மனையில் பக்கவாட்டு இடைவெளியை முழுங்கிவிட்டுக் கட்டடம் எழும்பியது. மூன்றாவது தளத்துக்குக் கம்பி கட்டும்போதுதான் பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று வந்தார். சங்கம் கூடியது. முதலில் எழுதிய மனுவில் 'பாரம்பரியமான அமைதியான பகுதி', 'மூத்த குடிமக்கள் மன உளைச்சல்' என்றெல்லாம் இருந்தது. அதற்குப் பதிலே வரவில்லை. பிறகு எங்கள் உறுப்பினர்களில் ஒருவர், சர்வே துறையில் ஓய்வு பெற்றவர், டேப் எடுத்துக்கொண்டு போய்ச் சாலையின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தார். இது ஏன் முக்கியம் என்றால், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எல்லாமே சாலை அகலத்தில்தான் தொங்குகிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு, கட்டணம் செலுத்திக் கூடுதலாக எவ்வளவு வாங்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. வரைபடத்தில் இருந்த அகலம் தெருவில் இல்லை. தகவல் அறியும் சட்டத்தில் வரைபட நகல் வாங்கி, சர்வே எண், அளவு, போட்டோ எல்லாம் வைத்து இரண்டாவது மனு போனது. அதற்குப் பதில் வந்தது. ஆய்வுக்கு ஆள் வந்தார்கள், பணியை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்புறம் உரிமையாளர் அரசுக்கு மேல்முறையீடு செய்தார், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. இப்போது கீழே செல்போன் கடையும் மேலே ஏதோ கோச்சிங் சென்டரும் நடக்கின்றன. மாமி ஜன்னலை இன்னும் திறக்க முடியவில்லை.

கட்டி முடித்த கட்டடத்தை இந்த ஊரில் யாரும் தொடுவதில்லை. விதிமீறல்களை வரன்முறைப்படுத்த 1999-இல் ஒரு வாய்ப்பு தந்தார்கள். பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு. தி.நகரில் விதிமீறல் என்று பெயர் வாங்கிய கட்டடங்கள் வழக்குகளோடு வருடக்கணக்கில் வியாபாரம் செய்தன. அங்கே பல மாடி ஜவுளிக்கடை ஒன்று 2017 மே 31 அன்று தீப்பிடித்து எரிந்து, அதன் பிறகுதான் இடித்தார்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள். அது நங்கநல்லூரிலிருந்து வண்டியில் போய்வரும் தூரம். விபத்துக்குப் பிறகு விசாரணை, ஆணையம், விதித் திருத்தம் எல்லாம் வந்தன. ஒரு வரைபடம் காகிதமாக இருக்கும்போது கேள்வி கேட்க ஆகும் செலவு ஒரு மனுவும் ஒரு சாயங்காலமும். கான்கிரீட்டாக மாறிய பிறகு வக்கீல், நீதிமன்றம், பத்து வருடம்.

முன்கூட்டிச் சொன்னால் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுவீர்கள் என்று ஒரு கட்டுநர் நண்பர் சொன்னார். அதற்குப் பதில் எங்கள் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. நங்கநல்லூரும் ஆதம்பாக்கமும் அப்போது ஆலந்தூர் நகராட்சி; சென்னையோடு சேர்ந்தது 2011-இல்தான். 1990-களின் இறுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் போதவில்லை. நகராட்சி மக்களிடமே வந்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. வீடு வீடாகப் போய்த் திட்டத்தை விளக்கியதில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு செலவு, எப்போது தோண்டுவார்கள், மாதக் கட்டணம் என்ன என்று முதலிலேயே பேசினார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் பெரும்பாலானவர்கள் கட்டினார்கள். நாட்டில் நகரத் திட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் ஆலந்தூர் ஒரு பாடம். கட்டின ரசீதை இன்னும் வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், கேட்டால் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் 1999-இல் திருத்திய நகர சாசனத்தின்படி அக்கம்பக்கக் கவுன்சில்கள் வந்தன. இன்று சுமார் நூறு இருக்கின்றன. தேர்தலில் வரும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்கும் எதையும் நிறுத்தும் அதிகாரம் கிடையாது, கருத்து மட்டுமே சொல்லலாம். ஆனால் நகரம் முடிவெடுக்கும் முன் அவர்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கேயும் சண்டை, சலிப்பு, காலி நாற்காலி எல்லாம் உண்டு என்று அங்கே இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்வான். எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. அந்தப் பகுதியில் குடியிருப்பவர், வேலை பார்ப்பவர், சொத்து வைத்திருப்பவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

இங்கே அப்படியா? எங்கள் சங்கம் உட்பட நான் பார்த்த சங்கங்களில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் சந்தா தரலாம், பொங்கல் விழாவில் கோலம் போடலாம், பொதுக்குழுவில் கை தூக்க முடியாது. என் தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனங்கள். இதை மாற்றாமல் 'தெருவைக் கேட்டு முடிவெடுங்கள்' என்று அரசிடம் கேட்க எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போன பொதுக்குழுவில் சங்கத்தின் விதிகளான பைலாவில் திருத்தம் கொண்டுவந்தேன். தோற்றது. அடுத்த முறையும் கொண்டுவருவேன். எதிர்த்துப் பேசிய சாரே, படிக்கிறீர்கள் என்று தெரியும், கோபம் வேண்டாம்.

சங்கத்துக்குள் இன்னொரு சங்கடம் உண்டு, அதை யாரும் வெளியே பேசுவதில்லை. மனை விஷயங்களைப் பேசும் செயற்குழுவிலேயே ஒருவர் தன் வீட்டை இடித்துக் கட்டுநரோடு பங்கு போட்டுக் கட்டும் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்திருப்பார், இன்னொருவர் ரியல் எஸ்டேட் தரகு பார்ப்பார். தவறில்லை. ஆனால் அந்தப் பொருள் பேச்சுக்கு வரும்போது, 'எனக்கு இதில் சம்பந்தம் உண்டு' என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார வேண்டும். இதைக் கேட்டதற்கு என்னை இரண்டு பேர் இன்னும் கோயிலில் பார்த்தால் திரும்பிக்கொள்கிறார்கள்.

அதேபோல, சங்கங்கள் என்றால் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டும் கூட்டம் என்று ஒரு பெயர் இருக்கிறது. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2014-ஆம் வருடத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் ஒரு விற்பனைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அதாவது, நாம் யாரை அகற்றச் சொல்லி மனு எழுதுகிறோமோ அவர்களோடு ஒரே மேஜையில் உட்காரச் சொல்கிறது. பட்டினப்பாக்கம் பக்கம் லூப் சாலையில் 2023 ஏப்ரலில் மீன் கடைகளை அகற்றியபோது நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையில் இறங்கினார்கள். மறுவருடம் ஆகஸ்டில் அங்கேயே நவீன மீன் அங்காடி திறந்தது. அங்காடி பற்றிய பேச்சு அகற்றுவதற்கு முன் முடிந்திருந்தால் அந்த ஏப்ரல் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, என்னதான் வேண்டும்? அனுமதி எண்ணும் மாடிக் கணக்கும் எழுதிய பலகையைக் கட்டுமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கிற நிபந்தனை. அதைத் தெருவில் போகிறவர் படிக்கும்படி தமிழில், வேலை தொடங்கும் முன்பே வைக்கட்டும். நிலப் பயன்பாட்டு மாற்ற விண்ணப்பங்களைத் தெருப் பெயரோடு பகுதி சபையில் வாசிக்கட்டும், சி.எம்.டி.ஏ.விலிருந்து ஒருவர் வந்து உட்காரட்டும். சுயசான்றில் அனுமதி போனதும் வார்டு அலுவலகத்துக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்னைப் பெருநகரத்தின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது, அதன் காலம் 2026 வரை. மூன்றாவது திட்டம், அதற்கடுத்த இருபது வருடங்களுக்கானது. உங்கள் தெரு வீடுகளுக்கான பிரிவா, கலப்பா, வணிகமா என்று வண்ணம் தீட்டப்போவது அதில்தான். அந்த வரைபடத்தில் ஒரு வண்ணம் மாறிய பிறகு தனி மனைக்கு ஆட்சேபணை எழுதிப் பயனில்லை.

எங்கள் பகுதியில் அடுத்த பகுதி சபைக்கு முன்னால் சங்கம் ஒரு கூட்டம் கூட்டுகிறது. சொந்த வீட்டுக்காரர்கள் பத்திர நகல் எடுத்து வாருங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, இப்போதைய நிலப் பயன்பாடு என்ன என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். வாடகைக்கு இருப்பவர்கள் எதுவும் எடுத்து வர வேண்டாம், வந்தால் போதும். பைலா என்ன சொன்னாலும் நாற்காலி போட்டிருக்கும்.