ஏழைக்கு முதுமை சீக்கிரமே வந்துவிடுகிறது

அவசர சிகிச்சைப் பிரிவில் படுக்கை இல்லை, நோயாளிகள் ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக் கிடக்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு விளக்கமும் வந்துவிடுகிறது: "வயதானவர்கள் பெருகிவிட்டார்கள், என்ன செய்வது?" இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பேசாமல் விடுவதால் பணமும் கவனமும் தப்பான இடத்துக்குப் போகின்றன. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களை வயதுவாரியாகப் பார்த்தால், கைக்குழந்தைகளிடம் அதிகமாக இருக்கும், அப்புறம் இறங்கும், அறுபதுகளுக்குப் பிறகு மளமளவென்று ஏறும். முப்பது வயதில் வழுக்கி விழுந்தவர் சிராய்ப்போடு எழுந்து போய்விடுவார். எண்பதில் அதே வழுக்கல் இடுப்பெலும்பை முறித்துவிடும். நிமோனியாகூட முதியவருக்குக் காய்ச்சலே காட்டாமல், ஆள் தெரியாத குழப்பமாக வரலாம். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் வயது எல்லா உடம்பிலும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவேடுகளை அலசிய ஓர் ஆய்வு 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இரண்டு, மூன்று நாள்பட்ட நோய்கள் ஒரே ஆளிடம் சேர்வது, வசதியான பகுதிகளைவிட மிகவும் பின்தங்கிய பகுதிகளில் 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே நடக்கிறது என்று அது காட்டியது. உடல் நோயோடு மனநோயும் சேர்ந்து வாட்டுவது அங்கேதான் அதிகம். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு: இப்படிப் பல நோய்களோடு வாழ்பவர்களில் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இவர்களை எந்தக் கணக்கில் 'முதியோர் பிரச்சினை'யில் சேர்ப்பது?

மிக மூத்த வயதுகளில், நோய் விஷயத்தில் ஏழை, வசதியானவர் என்ற இடைவெளி சுருங்குவதுபோலத் தெரியும். அதைப் பார்த்து, கடைசியில் எல்லோரும் சமமாகிவிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வயதைத் தொடுவதற்கு முன்பே ஏழைகளில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் கெட்டியான உடம்புக்காரர்கள். இங்கிலாந்தில் பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் 2010இல் வெளிவந்த அறிக்கையின்படி, மிக ஏழ்மையான பகுதிகளில் வாழ்பவர்கள் மிக வசதியான பகுதியினரைவிடச் சராசரியாக 7 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள். உடல் இயலாமை இல்லாமல் வாழும் காலத்தில் வித்தியாசம் 17 ஆண்டுகள். இந்த நிலையில் முதியவர்களின் தலையை மட்டும் எண்ணி மருத்துவ நிதியைப் பிரித்தால், மக்கள் நீண்ட காலம் வாழும் பகுதிக்கே அது போகும். 58 வயதில் இறந்தவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

"சின்ன விஷயத்துக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடி வருகிறார்கள்" என்று குறை சொல்பவர்களும் உண்டு. ஆஸ்துமா, சுகர், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான தொடர் சிகிச்சை இருந்தால் இவற்றால் வரும் அவசரச் சேர்க்கைகளில் பலவற்றைத் தவிர்த்துவிடலாம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அந்தத் தொடர் சிகிச்சைக்கு என்னென்ன வேண்டும்? சம்பளம் வெட்டாமல் விடுப்பு வேண்டும். போய்வர வண்டி வேண்டும். மாதம் தவறாமல் மருந்து வாங்கக் காசு வேண்டும். சுவரில் பூஞ்சை படராத வீடு வேண்டும். இதில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், மூன்று வாரமாக இழுத்த மூச்சுத் திணறல் ஒருநாள் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் வந்து இறங்கும். அவ்வளவு நாள் பொறுத்திருந்தவரைப் பார்த்து அநாவசியமாக வந்தார் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

வேல்ஸின் ஒரு சுரங்கக் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971லேயே இதை எழுதிவிட்டார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது, மருத்துவத்தை எந்த அளவுக்குச் சந்தையின் கையில் விடுகிறோமோ அந்த அளவுக்கு இது மோசமாகிறது என்றார். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் இடத்திலும் இதே கதைதான். நிமோனியாவின் தீவிரத்தை அளக்கக் கர்ப்-65 என்றொரு மதிப்பெண் முறை உண்டு. குழப்பம், ரத்த யூரியா, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், 65 வயதைத் தொட்டிருப்பது ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கொரு மதிப்பெண். வயதுக்கு இடம் இருக்கிறது. தனியாக வாழ்பவரா, இரவில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதற்கு மதிப்பெண் இல்லை, அதை மருத்துவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் ஆள் இருப்பவர் மாத்திரையோடு வீடு திரும்பலாம். அதே நோயோடு தனியாக வந்தவரை வார்டில் படுக்க வைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் அனுப்பிவிட்டு மறுபடி வருவாரோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டும்.

அதனால் அவசரச் சேர்க்கைக் கணக்கை வயதுக்கும் பகுதிக்கும் தனித்தனியாகப் போடாமல், இரண்டையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்கிறேன். 45 முதல் 64 வரை உள்ளவர்களில், மிகப் பின்தங்கிய பகுதியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் சொல்லட்டும். உடல் நலிவை, அதாவது சின்ன நோயைக்கூடத் தாங்க முடியாதபடி உடம்பு தளர்ந்துபோவதைக் கண்டறியும் பரிசோதனைகளையும் இப்படியே மாற்ற வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் குடும்ப மருத்துவர்கள் நலிவுற்றவர்களை அடையாளம் காண வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது 65 வயதில்தான் தொடங்குகிறது. பின்தங்கிய பகுதிகளில் அதை 50 வயதிலேயே தொடங்கலாம்.