வியட்நாம் போரும் குறுவை நெல்லும்

வியட்நாம் போரைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; போர் அமெரிக்க அரசியலைப் புரட்டிப் போட்டதை அது நன்றாகச் சொல்கிறது. ஆனால் போரின் அதிர்வு தஞ்சாவூர் வயல்வரை வந்ததையும் சேர்த்திருக்க வேண்டும்.

1966இல் இந்திரா காந்தி வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தச் சொன்னது அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கோதுமை ஏற்கெனவே மாதக் கணக்குப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. பிடி மேலும் இறுகியது. இங்கே வறட்சி, அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. சொன்னது ஏன் அப்படி எடுபட்டது என்பது இப்போது புரியும்.

வயலில் அதற்கான பதில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம். சுமார் 105 நாளில் விளையும் குறுவை, அதாவது குறுகிய காலப் பயிர். ஜூனில் மேட்டூர் திறந்தால் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் அறுவடை. சிக்கலும் அங்கேதான்: வடகிழக்கு மழை தொடங்கும் நேரம். ஈர நெல்லைக் களத்தில் குவித்தால் உள்ளே சூடேறும், சில நாளில் முளை விடும், அரிசி பழுப்படிக்கும். மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடத்தான் வேண்டும், அதற்கு வெயிலும் ஆளும் வேண்டும். அறுவடை அவசரம் கூடக்கூட கூலிப் பேச்சும் சூடேறியது. அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டம் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் கொல்லப்பட்டதில் முடிந்தது. அதைப் போரின் கணக்கில் எழுத முடியாது, நிலவுடைமையும் சாதியும் செய்தது. ஆனால் காலம் ஒன்றுதான்.

அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு இன்றும் குறுவைக்குக் குறுவை மனு போகிறது.