தொளதொள ஸ்வெட்டருக்கு ஒரு வக்காலத்து

எண்பதுகளின் ஸ்வெட்டர் படங்களைப் போட்டு "இதையெல்லாம் எப்படித்தான் போட்டுத் திரிந்தார்களோ" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் கொழும்பில் ஃபேனுக்குக் கீழே இருப்பவர்கள் என்பது என் சந்தேகம். தை மாத விடியலில் மலைநாட்டு நுவரெலியாவில் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போனவர்களுக்குச் சிரிப்பு வராது.

வெளிநாட்டில் அது ஃபேஷன். தொடை வரை இறங்கிய உடம்பு, வௌவால் கை, தோளுக்குள் பஞ்சுப் பட்டை. 1981இல் இளவரசி டயானா போலோ பார்க்கப் போட்டுப்போன சிவப்பு ஸ்வெட்டர், வெள்ளை ஆடுகளுக்கு நடுவே ஒற்றைக் கறுப்பு ஆடு போட்டதே, 2023இல் நியூயோர்க் ஏலத்தில் 11 லட்சம் டொலரைத் தாண்டியது. காசு இருக்கிறவர்கள் வாங்கட்டும்.

நமக்கு அது கணக்கு. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு சைஸ் கூட்டித்தான் பின்னுவார்கள். உள்ளே இன்னும் இரண்டு சட்டை போடலாம். கம்பளி தானாகச் சூடு தராது. இழைகளுக்குள் அடைபட்ட காற்றுத்தான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. மணிக்கட்டிலும் இடுப்பிலும் மட்டும் இறுக்கமாக ரிப், அதாவது இழுபடும் வரிப்பின்னல், பின்னிவிட்டால் குளிர்காற்று உள்ளே வராது.

எங்கள் சித்தி டீச்சர். கண்ணி எண்ணும்போது யார் எதைக் கேட்டாலும் "உம்" மட்டும்தான். அண்ணனுக்குச் சிறிதானதைப் பிரித்தால் நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு வரும். அதைக் கதிரை முதுகில் சுற்றிக் கட்டி, நனைத்து, கீழே ஒரு கல்லைத் தொங்கவிடுவார். காய்ந்ததும் நூல் நேராகிவிடும். அப்புறம் மறுபடி பின்னல். என் பச்சை ஸ்வெட்டருக்கு அண்ணனின் மெரூன் கை வந்தது அப்படித்தான்.

குறை இல்லையா? இருந்தது. மழையில் நனைந்தால் முழங்கால் வரை தொங்கும். அடுப்படியில் காயப்போட்டால் வகுப்பு முழுக்கப் புகை வாசம். அகலக் கை சொதியில் தோயாத நாள் குறைவு.

அதோடு, இது எல்லா வீட்டுக் கதையும் இல்லை. உல் நூல் விலை டீச்சர், கிளாக்கர் வீடுகளுக்குத்தான் கட்டும். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன அம்மாமாருக்குத் தலையில் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, அவ்வளவுதான். "அந்தக் காலம்போல வருமா" என்று உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கடைகளில் மறுபடி ஓவர்சைஸ். அக்ரிலிக் துணியை வெட்டித் தைத்தது. நாலு முறை துவைத்தால் உருண்டை உருண்டையாகத் திரளும். பிரித்துப் பின்னவும் வழியில்லை. லூஸ் மட்டும் வந்திருக்கிறது, அதற்குப் பின்னால் இருந்த புத்தி வரவில்லை.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இன்னும் கையால் பின்னுகிறவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மகளுக்கு ஒன்று வேண்டும். பேரம் பேசமாட்டேன்.