கிளாஸும் ஆப்ஜெக்ட்தான். அந்தப் பெண் சொன்னது சரி

வேலைக்கான இண்டர்வியூவில் ஒரு பெண் சொன்ன பதிலைக் கேட்டு, இண்டர்வியூ எடுத்தவர் சிரிக்கும் அந்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்து நீங்களும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் கிளாஸும் (ஒரு வகை ஆப்ஜெக்ட்களை வரையறுப்பது) ஓர் ஆப்ஜெக்ட் (புரோகிராம் ஓடும்போது உருவாகி, கையாளப்படும் ஒன்று). அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். "கிளாஸ் என்பது வெறும் பிளான், ஆப்ஜெக்ட்தான் வீடு, இதுகூடத் தெரியாதா?" என்று இண்டர்வியூ எடுத்தவர் சிரித்தாரே, அவர் சொல்வது சி++ மொழிக்குப் பொருந்தும். பைத்தான் வேறு. புரோகிராம் ஓடும்போது கிளாஸ் என்ற வரிக்கு வந்ததும், அதற்குள் இருக்கும் வரிகள் அங்கேயே ஓடுகின்றன. உள்ளே ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள், அந்தக் கிளாஸில் ஓர் ஆப்ஜெக்ட்கூட உருவாக்காமலே அச்சாகும். உள்ளே உருவான பெயர்களை ஒரு டிக்‌ஷனரியில் திரட்டி, கிளாஸின் பெயரோடும் பேரன்ட் கிளாஸ்களோடும் (அது எவற்றிலிருந்து பண்புகளைப் பெறுகிறதோ அவை) சேர்த்து, கிளாஸ்களை உருவாக்கும் 'டைப்'பிடம் கொடுக்கிறது பைத்தான். டைப் திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்தான் கிளாஸ். அதை ஃபங்ஷனுக்கு அனுப்பலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே புது மெத்தட் (கிளாஸுக்குரிய ஃபங்ஷன்) சேர்க்கலாம். 5-இன் டைப் கேட்டால், முழு எண்களுக்கான கிளாஸான இன்ட். இன்ட்டின் டைப் கேட்டால் டைப்.

அவர் ஜாவா மொழியில் பழம் தின்று கொட்டை போட்டவராம். சரி, ஜாவாவிலேயே ஓர் ஆப்ஜெக்ட்டிடம் கெட்கிளாஸ் என்று கூப்பிட்டால் என்ன வருகிறது? கிளாஸுக்கான ஆப்ஜெக்ட்தானே? ஸ்மால்டாக்-80 என்ற பழைய மொழியின் காலத்திலேயே கிளாஸ் ஆப்ஜெக்ட்தான். நேற்று முளைத்த விஷயமில்லை.

"ஏட்டுச் சுரைக்காய், வேலைக்கு உதவாது" என்கிறார் ஒருவர். எங்கள் டீம் செய்த கடை ஆப்பில் ஒருவர் கூடையில் போட்ட சோப்பு இன்னொருவர் கூடையில் தெரிந்தது. பெரிய ஆட்களெல்லாம் டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்தான் கண்டுபிடித்தான்: பொருள்களுக்கான லிஸ்ட்டை, ஒவ்வோர் ஆப்ஜெக்ட் உருவாகும்போதும் ஓடும் இனிட்டுக்குள் உருவாக்காமல் கிளாஸிலேயே வைத்திருந்தார்கள். கிளாஸ் ஒரே ஆப்ஜெக்ட், அதனிடம் ஒரே லிஸ்ட், எல்லாக் கூடையும் அதையே பார்த்தன. பிழை சரியானதைச் சொன்ன மெயிலில் அவன் பெயரைக்கூடப் போடவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்குப் பிளான், வீடு என்று சொன்னால்தான் புரியுமாம். சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? அதைத் தாண்டிப் படித்து வந்தவளைப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்? அவள் குரல் கம்மிப்போனதும், "சாரி சார்" என்றதும் உங்கள் கண்ணில் படவே இல்லையா? சரியான பதிலைச் சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறாள்!

"பெரிய மனுஷர், விடுங்கள்" என்று இன்பாக்ஸில் வருகிறவர்களுக்கு: விடமாட்டேன். வேலை கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். நீ சொன்னது சரி என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு மெயிலாவது போடச் சொல்லுங்கள்.