'நியாயமான' என்பதை எந்த நாடாவால் அளப்பது?

கூடைப்பந்து விதிகளில் மத்தியஸ்தரின் சொந்தத் தீர்மானத்துக்கு இடமே இருக்கக்கூடாது என்று ஒரு கட்டுரையாளர் வாதிடுகிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பில் பாடசாலைப் போட்டிகளுக்குப் பல வருடங்கள் விசில் ஊதியவன் நான். கூடையின் கீழுள்ள அரைவட்டத்தின் ஆரம் 1.25 மீற்றர், அதைத் தரையில் கோடாக வரைந்துவிடலாம். ஆனால் எதிராளியைத் தடுத்தவர் பந்துக்காக நியாயமாக முயன்றாரா என்று சர்வதேச விதி கேட்கிறதே, ஆங்கிலத்தில் 'லெஜிட்டிமேட்' என்ற அந்தச் சொல்லுக்கு எங்கே கோடு போடுவது? வெள்ளவத்தை பஸ்ஸில் நடத்துனர் "கொஞ்சம் உள்ளே போங்கள்" என்றால் எத்தனை அடி என்று எவரும் கேட்பதில்லை. நெரிசலைப் பார்த்து நகர்கிறோம். மத்தியஸ்தரும் அப்படித்தான் கையையும் கண்ணையும் வேகத்தையும் பார்க்கிறார். அந்த உரிமையைப் பறித்தால், இடுப்பைப் பிடித்து இழுத்த பையனும் பந்தைத் தட்டப்போய்க் கை தவறிய பையனும் ஒரே தண்டனைதான் பெறுவார்கள்.