பூட்டிய கோயிலுக்கு விலை கேட்கிறார்கள்

காலையில் தேத்தண்ணியோடு போனைக் கையில் எடுத்தால் மறுபடியும் அதே ஈமெயில். "உங்கள் டொமைனை வாங்க எங்களிடம் ஒருவர் இருக்கிறார். விற்கிற எண்ணம் உண்டா?" அந்த ஒருவர் யார் என்று ஒரு சொல் இல்லை. எதற்குக் கேட்கிறார், என்ன விலை தருவார், ஒன்றும் இல்லை. பதில் போடாமல் விட்டால் மூன்றாம் நாள் "முதல் மடல் கிடைத்ததா?" என்று வரும். அடுத்த கிழமை "இதுதான் கடைசித் தடவை" என்று வரும். ஒரே ஆளிடம் இருந்து அந்தக் கடைசித் தடவை எனக்கு நான்கு தடவை வந்துவிட்டது. ஒரு மனிதர் வாய் திறக்காமல் இருந்தால் அவருக்கு விருப்பமில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இவர்களுக்கு ஏன் விளங்குவதில்லை?

அவர்கள் கேட்கிற டொமைன், அதாவது என் இணையத்தளத்தின் முகவரிப் பெயர், எங்கள் ஊரின் பெயர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஊர். 2011 தை மாத வெள்ளம் வடிந்த பிறகு கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவருடைய வீட்டுக்குப் போனேன். வடமோடிக் கூத்துக் கொப்பிகளை முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போட்டிருந்தார். மை கரைந்து, தாள் ஒன்றோடொன்று ஒட்டி, தொட்ட இடமெல்லாம் பிய்ந்து கையோடு வந்தது. அன்று இரவுதான் அந்தப் பெயரைப் பதிந்தேன். மிஞ்சிய கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன். மத்தளமும் தாளமும் வைத்துப் பாடச் சொல்லி, அந்தக் குரல்களையும் ஏற்றினேன். பாடிய மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

இதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒரு தரகர் எழுதுகிறார்: "நீண்ட காலமாகப் புதிதாக ஒன்றும் ஏற்றப்படவில்லை, நீங்கள் இதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை." வயிறு எரிந்தது. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களை வந்து பாருங்கள். வைகாசியில் கதவு திறக்கும், சடங்கு நடக்கும், குளிர்த்தி பாடி முடிந்ததும் கதவு பூட்டிவிடும். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கிறதே என்று யாராவது வந்து வளவுக்கு விலை கேட்பார்களா? செத்தவருடைய குரல் இருக்கிற இடத்தில் கிழமைக்கொரு புதுச் செய்தி எதற்கு?

2022இல் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. டொலர் இருநூறு ரூபாயில் இருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டிய வருடம். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நிற்கிறோம், என் வங்கி அட்டையில் வெளிநாட்டுக்குக் காசு போகவில்லை. பெயரைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. சரியாக அந்தக் கிழமைதான் ஒரு தரகர் எழுதினார், "உங்கள் டொமைன் காலாவதியாகப் போகிறதே, விட்டுவிடுகிறீர்களா?" என்று. காலாவதித் திகதி எல்லோருக்கும் தெரிகிற விஷயம்தான். ஆனால் நாடே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது அந்தத் திகதியைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். டொட் கொம் பெயர் ஒன்று கைவிட்டுப் போனால் மீட்பதற்கென்று 30 நாள் தருவார்கள், அதற்குத் தண்டமும் கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் இன்னும் 5 நாளில் பெயர் சந்தைக்கு வரும். வந்த நொடியே பிடித்துக்கொள்ள மென்பொருள் வைத்துக் காத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற தம்பி தன் அட்டையில் கட்டித்தான் காப்பாற்றினான். அவன் கட்டும்வரை நான்கு நாள் நான் நித்திரை கொள்ளவில்லை.

"ஒரு பெரிய விலையைச் சொல்லிவிடேன், தந்தால் லாபம்தானே" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். மச்சான், அதிலும் வினை இருக்கிறது. டொமைன் தகராறுகளைத் தீர்க்க 1999இல் இருந்து ஒரு நடைமுறை உண்டு. வர்த்தகக் குறி வைத்திருக்கிற ஒருவரிடம் கூடுதல் விலைக்குத் தள்ளுவதற்காகவே பெயரைப் பதிந்திருந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகும். வந்தவர் யார் என்றே தெரியாமல் நான் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். ஊர்ப் பெயரில் எனக்கு உரிமை இருக்கிறது என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கு நான் ஏன் மினக்கெட வேண்டும்?

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் விற்கிற என் நண்பர் இதைவிடக் கொடுமையாக ஏமாந்தார். ஆயிரக்கணக்கான டொலர் தருகிறோம் என்று கடிதம். மனிதர் சந்தோசப்பட்டுப் பதில் போட்டார். இரண்டு மூன்று மடல் மரியாதையாக வந்தது. மறுகா, "எங்கள் முதலீட்டாளர் பெறுமதிச் சான்றிதழ் கேட்கிறார்" என்று ஒரு குறிப்பிட்ட தளத்தைக் காட்டினார்கள். 80 டொலர் கட்டிச் சான்றிதழ் எடுத்தார். அதோடு வாங்க வந்தவரைக் காணவில்லை. வாங்குகிறவரும் சான்றிதழ்க்காரரும் ஒரே கூட்டம். பல வருடமாக நடக்கிற பழைய களவு இது. தறியில் இருந்து உழைக்கிறவருக்கு அந்தக் காசின் பாரம் எவ்வளவு என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியுமா?

"சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதியப் போகிறது, உடனே பதில் தாருங்கள்" என்று வருவதும், பில் மாதிரியே அச்சடித்து வருவதும் வேறு. அவற்றை நான் திறப்பதே இல்லை. நீங்களும் திறக்காதீர்கள்.

கேட்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள், சொந்தப் பெயரைப் போட்டு, என்ன தேவை என்று விளக்கி எழுதினார்கள். "அண்ணன், உங்கள் பெயருக்குக் கீழே எங்களுக்கும் ஒரு பக்கம் தருவீர்களா?" அன்றைக்கே பிரித்துக் கொடுத்தேன், ஒரு சதமும் வாங்கவில்லை. முகம் காட்டிக் கேட்கிறவருக்கு நானும் முகம் பார்த்துப் பதில் சொல்வேன். முகத்தை மறைத்துக்கொண்டு படலையைத் தட்டுகிறவருக்கு எதற்குப் பதில்?

2018 மேயில் ஐரோப்பியத் தரவுச் சட்டம் வந்த பிறகு எல்லோரும் பார்க்கக்கூடிய டொமைன் உரிமையாளர் பதிவேட்டில் என் ஈமெயில் மறைந்துவிட்டது. நிம்மதி என்று நினைத்தேன். இப்போது தளத்தில் இருக்கிற தொடர்பு முகவரிக்கு வருகிறார்கள். கூத்துப் பாட்டில் ஒரு வரி பிழை என்று ஊர்க்காரர் எழுதுவதற்காக வைத்த முகவரி அது. அதை நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் அந்த ஊர்க்காரர் எங்கே எழுதுவார்?

இன்றைய ஈமெயிலுக்குப் பதில் போடவில்லை. அந்தப் பெயரைப் பத்து வருடத்துக்கும் ஒரேயடியாகப் புதுப்பித்துவிட்டேன், டொட் கொம்முக்கு அதற்கு மேல் விடமாட்டார்கள். அண்ணாவியாருடைய பேத்தி மிச்சக் கொப்பி இரண்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை அவற்றைப் படம் பிடிக்க வேண்டும்.